எந்தப் பிரிவில் சேர்த்தீர்கள்? மனநல மருத்துவமனை வாசலில் முதன்முறையாக நிற்பவர்களுக்கு

இரவு பதினொன்றரை மணி. மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறார். நர்ஸ் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார். நான்கு தாள்கள். எதையும் படிக்கவில்லை, படிக்கும் நிலையிலும் இல்லை. உள்ளே அவர் கணவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்தைந்து நாள் கழித்து அதே பெண் எங்களிடம் வந்து, “நான்தானே கையெழுத்துப் போட்டு சேர்த்தேன், இப்ப நானும் கேக்குறேன், அவரும் கேக்குறாரு, ஏண்ணா விட மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டார்.

நான் வக்கீல் இல்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சில வருடங்களாக அலைகிறவன். அவரோடு போய் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் தாளில் ‘பிரிவு 86’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. கீழே நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மனைவியின் கையெழுத்து. மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 86 என்றால் நோயாளி தானே விரும்பி வந்து சேர்வது. மனைவி கையெழுத்துப் போட்டால் கணவர் விரும்பி வந்தவர் ஆகிவிடுவாரா? அந்த ஒரு கேள்வியை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் இருந்தார்.

எல்லாம் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனாலும் இந்த விஷயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரு எண்ணும் ஒரு தேதியும்தான். எந்தப் பிரிவில் சேர்த்தார்கள், எந்த நாளில் சேர்த்தார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பதுதான்.

இப்போது எந்தச் சட்டம்?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். இதற்கு முன்பு 1987-ஆம் வருடச் சட்டம் இருந்தது. அதற்கும் முன்பு வெள்ளைக்காரர் காலத்து 1912-ஆம் வருடச் சட்டம். அதன் பெயரே ‘பைத்தியக்காரர்’ சட்டம். 1987 சட்டப்படி, உறவினரோ நண்பரோ மனுக் கொடுத்து இரண்டு டாக்டர்களின் சான்றிதழும் இருந்தால், ஒருவரை 90 நாள் வரை உள்ளே வைக்கலாம். அந்தப் பழைய ஞாபகத்தில் இன்றைக்கும் “மூணு மாசம் வெச்சுக்கலாம் சார், ரூல் இருக்கு” என்று சொல்லும் ஊழியர்களைப் பார்க்கிறேன். அந்த ரூல் செத்துப்போய்விட்டது.

இப்போதைய சட்டத்தின் அடிப்படை இரண்டே விஷயம். ஒன்று, மனநோய் இருப்பவருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இல்லை என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குத் தப்பாகப் படுகிறது என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது. பிரிவு 4 இதை நேரடியாகவே சொல்கிறது. இரண்டாவது, குடும்பத்தின் வழக்கத்துக்கோ ஊரின் ஒழுக்கக் கணக்குக்கோ மதத்துக்கோ அரசியலுக்கோ ஒத்துப்போகவில்லை என்பதைக் காரணமாக வைத்து யாரையும் மனநோயாளி என்று சொல்லக் கூடாது. இது பிரிவு 3. வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணை “புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று கொண்டுபோய்த் தள்ளுவது நம் ஊரில் நடக்காத விஷயம் இல்லை. அங்கே இந்தப் பிரிவைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும். தன்பாலின ஈர்ப்பை ‘குணப்படுத்துகிறேன்’ என்று சிகிச்சை தருவதற்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும் தடை போட்டது. வயது வந்த மகள் தனியாக வாழ்வது பிடிக்காமல் பெற்றோர் அவரைப் பலவந்தமாக மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோன வழக்கில், 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரை மனநல வார்டில் சேர்த்துவிட்டால் அவர் சொத்து, ஓட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் போய்விடும் என்று ஒரு பயம் இருக்கிறது. சில அண்ணன் தம்பிகளுக்கு அது நம்பிக்கையாகவே இருக்கிறது! அப்படி ஒன்றும் இல்லை. தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அறிவிக்காதவரை, நோய் இருக்கிறது என்ற மருத்துவ முடிவு மட்டும் அவரை அப்படி ஆக்கிவிடாது. முன்பு எப்போதோ வார்டில் இருந்தார் என்பதும் இப்போது நோய் இருக்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் ஆகாது.

முதல் வேலை: 86-ஆ, 89-ஆ என்று கேளுங்கள்

அட்மிஷன் போடும் இடத்திலேயே கேளுங்கள். பதற்றத்தில் விட்டுப்போனால் மறுநாள் காலையில் கேளுங்கள். எந்தப் பிரிவின்கீழ் சேர்த்தார்கள் என்பதை நோயாளிக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் (அவர் தனக்காக எழுதி வைத்த ஆள், இல்லையென்றால் உறவினர்) அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை (பிரிவு 22). கூடவே என்ன நோய், என்ன மருந்து, அதன் பக்க விளைவுகள் என்ன, இந்தச் சேர்க்கையை எதிர்த்து யாரிடம் மனுப் போடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். “அதெல்லாம் டாக்டர் வந்தாத்தான் தெரியும்” என்றால், டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

86 என்றால் சுயவிருப்பச் சேர்க்கை. பதினெட்டு வயது முடிந்தவர், தானே கேட்டு, தானே கையெழுத்துப் போட்டு வருவது. எல்லாச் சேர்க்கையும் முடிந்தவரை இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தரக் கூடாது. “போகிறேன்” என்று அவர் சொன்னால் உடனே விட வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடுவார், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார், எடுக்கிற முடிவே என்னவென்று அவருக்குப் புரியவில்லை என்று மனநல நிபுணர் கருதினால், பரிசோதிப்பதற்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் 89-க்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறக்க வேண்டும்.

89 என்றால் ஆதரவுடன் சேர்க்கை. பெயர் மிருதுவாக இருந்தாலும் நாம் கட்டாயச் சேர்க்கை என்று சொல்வது இதைத்தான். இதற்கு வேண்டியவை:

நோயாளியின் நியமனப் பிரதிநிதி மனுக் கொடுக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், அவரோடு இன்னொரு மனநல நிபுணரோ பொது மருத்துவரோ, அன்றைக்கே அல்லது அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் நோயாளியைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நோயின் கடுமையால் மூன்றில் ஒன்றாவது இருக்கிறது என்று இருவரும் முடிவுக்கு வந்திருக்க வேண்டும்: தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாக அண்மையில் மிரட்டியதோ முயன்றதோ, பிறரிடம் வன்முறையாகவோ அவர்கள் அஞ்சும்படியோ நடந்ததோ, தனக்கு ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் போனதோ. இதற்கு மேல், இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வேறு வழி இல்லை என்றும் அவர்கள் எழுதித் தர வேண்டும்.

கடைசி நிபந்தனையைத்தான் பெரும்பாலும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தீர்களா, புறநோயாளியாக வரச் சொல்லிப் பார்த்தீர்களா, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டினீர்களா? கேட்பதில் தப்பில்லை. ‘வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’, ‘வேலைக்குப் போவதில்லை’, ‘ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறார்’ போன்றவை மேலே சொன்ன மூன்றில் எதிலும் சேராது.

பிடித்து வைப்பதே பாவம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிணற்று மேட்டில் நின்ற பெரியம்மா மகனை மூன்று பேர் சேர்ந்து இழுத்து வந்த ராத்திரியை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு 89 இல்லையென்றால் அவன் இல்லை. அவன் இன்று டூ வீலர் மெக்கானிக். அந்த முப்பது நாளைப் பற்றிக் கேட்டால் “சாப்பாடுதான் மோசம்” என்பான். ஆனால் முப்பது நாள் முப்பது நாளாகவே இருந்தது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அப்புறம், காலண்டரை எடுங்கள்

ஒருவரை ஜூன் 3-ஆம் தேதி 89-இல் சேர்த்தார்கள் என்று வையுங்கள். சேர்த்ததைப் பற்றி, இப்படிப்பட்ட சேர்க்கை சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை தகவல் தர வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள், அதாவது ஜூன் 6. ஆணாக இருந்தால் ஏழு நாளுக்குள், ஜூன் 10. முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளுக்கு ஒருமுறை பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஜூலை 2-ஆம் தேதியோடு முப்பது நாள் முடிகிறது. அதற்கு முன்பே நிலைமை சரியாகிவிட்டால் அன்றைக்கே 89 முடிந்தது. அதற்கு மேல் இருப்பதும் கிளம்புவதும் அவர் விருப்பம்.

முப்பது நாளுக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் பிரிவு 90-க்குப் போக வேண்டும். இங்கே நிபந்தனை இறுகும். பரிசோதிக்கும் இருவருமே மனநல மருத்துவர்களாக இருக்க வேண்டும். ஆபத்து ஒரு நாள் நிகழ்ச்சியாக இல்லாமல் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வாரியம் 21 நாளுக்குள் அனுமதிக்க வேண்டும், இல்லை வெளியே அனுப்பச் சொல்ல வேண்டும். முதல் தடவை 90 நாள் வரை, அடுத்து 120 நாள் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 180 நாள் வரை. திறன் பரிசோதனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

இதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். முப்பதாவது நாள் டிஸ்சார்ஜ் போட்டு, வாசல் வரை கூட்டி வந்து, மறுநாள் புது 89 என்று மறுபடி சேர்ப்பது. அது செல்லாது. வெளியே விட்ட ஏழு நாளுக்குள் திரும்பச் சேர்த்தால் அது 90-ஆகத்தான் கணக்கு.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு 87. பெரியவர்கள் வார்டில் வைக்கக் கூடாது. பிரதிநிதியோ அவர் அனுப்பும் ஆளோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் கூட இருப்பது பெண்ணாக இருக்க வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும்.

உள்ளே இருக்கும்போது

1794-இல் தொடங்கி இப்போது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையின் பெயரையே நாம் கேலி வார்த்தையாக ஆக்கி வைத்திருக்கிறோம். வார்டுக்குள் போனவருக்கு ஒரு உரிமையும் மிச்சமில்லை என்ற எண்ணமும் அந்தக் கேலியோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் இந்தப் பகுதியை எழுதியவர்கள் யாரோ வார்டைக் கண்ணால் பார்த்தவர்கள் என்று எனக்குத் தோன்றும். அவ்வளவு சின்ன விஷயங்கள் அதில் இருக்கின்றன.

கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சொந்தத் துணி போட்டுக்கொள்ள விரும்பினால் யூனிஃபார்ம் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வார்டு வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலை செய்தால் கூலி உண்டு. மாதவிலக்குக்கான பொருட்களைத் தர வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் தாயைச் சாதாரணமாகக் குழந்தையிடமிருந்து பிரிக்கக் கூடாது. நியாயமான நேரத்தில் போன் பேசலாம், பார்க்க வருகிறவரைப் பார்க்கலாம், பார்க்க விருப்பம் இல்லையென்றால் மறுக்கவும் செய்யலாம். வக்கீலையோ வாரிய உறுப்பினரையோ நீதிபதியையோ பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. “முதல் பதினைந்து நாள் யாரையும் பாக்க விட மாட்டோம், அதுதான் ட்ரீட்மெண்ட்” என்று ஒரு வசனம் புழங்குகிறது. அப்படி ஒரு பொதுவிதி சட்டத்தில் எங்கேயும் இல்லை.

சங்கிலி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்று பிரிவு 95, எந்த விதத்திலும் எந்த முறையிலும் சங்கிலி கூடாது என்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஷாக் ட்ரீட்மெண்ட் தருவதையும் அதே பிரிவு தடை செய்கிறது.

கையைக் காலைக் கட்டுவது வேறு. உடனடி ஆபத்தைத் தடுக்க அது ஒன்றே வழி என்றால் மட்டும், பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறை என்றோ கட்டக் கூடாது. ஏன், எவ்வளவு நேரம் என்பது கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். தனியறையில் பூட்டி வைப்பது அறவே கூடாது.

பார்க்கப் போகும்போது மணிக்கட்டையும் கணுக்காலையும் பாருங்கள். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, போன தேதி, பேசிய ஆள், சொன்ன பதில் மூன்றையும் எழுதி வையுங்கள். பின்னால் வாரியத்தின் முன்னால் அந்த நோட்டு பேசுகிற மாதிரி நம்மால் பேச முடியாது.

வாரியத்துக்கு மனு

மறுஆய்வு வாரியத்துக்குத் தலைவர் மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவரோ இருந்தவரோ. ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவர், அப்புறம் நோயை அனுபவித்தவர்களோ பராமரிப்பவர்களோ தொண்டு நிறுவனத்தாரோ இரண்டு பேர். நோயாளியே மனுப் போடலாம், பிரதிநிதி போடலாம், நோயாளி சம்மதித்தால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் போடலாம். கட்டணம் கிடையாது. அவசரச் சூழ்நிலையில் வாய்மொழியாகவோ போனிலோ சொன்னதைக்கூட வாரியம் மனுவாக ஏற்கலாம். 89-ஐ எதிர்த்த மனு என்றால் ஏழு நாளில் முடிவு சொல்ல வேண்டும், 90-ஐ எதிர்த்தது என்றால் 21 நாளில்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நாங்கள் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“பெறுநர்: தலைவர், மனநல மறுஆய்வு வாரியம். பொருள்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 89-இன்கீழ் நடந்த சேர்க்கையை மறுஆய்வு செய்யக் கோருதல். ஐயா, என் கணவர் (பெயர், வயது) ஜூன் 3 அன்று (மருத்துவமனை பெயர், ஊர்) மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூன் 14 முதல் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டு வருகிறார். அவர் இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார், மருந்து எடுத்துக்கொள்கிறார், என்னை அடையாளம் கண்டு பேசுகிறார், யாரையும் தாக்கவில்லை. பரிசோதனைச் சான்றிதழ்களின் நகல் கேட்டும் தரவில்லை. சேர்க்கையை மறுஆய்வு செய்து அவரை அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். அவரை நேரில் விசாரிக்கவும் வேண்டுகிறேன்.”

திட்டு வேண்டாம். டாக்டர் கொள்ளையடிக்கிறார், நர்ஸ் மிரட்டினாள் என்று ஆரம்பித்தால் வாசிக்கிறவருக்கு அதுதான் விஷயமாகத் தெரியும். தேதியும் நடந்ததும் போதும். மருத்துவமனையில் ஒரு நகல் கொடுத்து, உங்கள் கைப்பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு.

வாரியம் எங்கே உட்காருகிறது என்று தெரியவில்லையா? உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகாவில் வட்டக் குழு இருக்கும். 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் பேசலாம். மனநோய் உள்ளவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மனுவையும் அவர்களே எழுதித் தருவார்கள். வாரியத்தின் முடிவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். காகிதமே இல்லாமல் ஒருவரை அடைத்து வைத்திருந்தாலோ, எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையே சொல்ல மறுத்தாலோ, வாரியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனுதான்.

‘பிக்கப்’ எடுக்கும் மறுவாழ்வு மையங்கள்

எங்களிடம் வரும் புகாரில் மனநல மருத்துவமனையைவிடக் குடிபோதை மறுவாழ்வு மையங்களைப் பற்றியது அதிகம். முறை ஒன்றுதான். மனைவியோ அப்பாவோ போனில் பேசுகிறார். “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், நாங்களே பிக்கப் பண்ணிக்கிறோம்” என்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வேனில் நாலு பேர் வருகிறார்கள். ஆளைத் தூக்கத்திலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். மூன்று மாதப் பணம் முன்கூட்டியே. மாதக் கணக்கில் போன் கிடையாது. உள்ளே அடி விழுகிறதா என்பது வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

குடும்பத்தின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தாலிச் செயினை விற்றுக் குடித்தவனை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பது? ஆனால் குடி, போதையோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அவற்றுக்காக ஆளைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கேயும் 86, 89 கணக்குத்தான். இரண்டு பேர் பரிசோதிக்காமல் வேனில் ஏற்றுவதற்கு எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. மனைவி போனில் சொன்ன சம்மதம் அதற்குப் பதில் ஆகாது.

பணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா? மனநல மருத்துவர் யார், எந்தெந்தக் கிழமை வருவார்? நடு வாரத்தில் சொல்லாமல் வந்தால் ஆளைப் பார்க்க விடுவார்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் அங்கே சேர்க்காதீர்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்; திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். சட்டத்தின் மற்ற விதிகளை மீறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. ஒரு ஆளுக்கு அவர்கள் வாங்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்த அபராதம் ஒன்றுமே இல்லை என்பது என் எண்ணம்.

போலீஸ், மாஜிஸ்திரேட், அவசரம்

தெருவில் திரியும் ஒருவர் மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஒருவரைக் கட்டிப்போட்டோ கவனிக்காமலோ வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் போலீசுக்குச் சொல்லலாம். அது மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். அவர் பரிசோதனைக்காகப் பத்து நாள் வரை மருத்துவமனையில் வைக்க உத்தரவிடலாம்.

உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் முதலில் 108. பிரிவு, தேதி எல்லாம் அப்புறம். அவசரச் சிகிச்சையை எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் எந்த இடத்திலும் தரலாம். பிரதிநிதி பக்கத்தில் இருந்தால் அவர் சம்மதம் வாங்க வேண்டும். ஆனால் அது 72 மணி நேரத்துக்குத்தான். அதற்குப் பெயர் சேர்க்கை இல்லை. நான்காவது நாளும் “எமர்ஜென்சி” என்றால் காகிதத்தைக் கேளுங்கள். ஆபத்து இல்லை, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

நல்லா இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியது

மேலே பல இடத்தில் பிரதிநிதி, பிரதிநிதி என்று எழுதியிருக்கிறேன். அவர் யார்? வயது வந்த எவரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதி வைக்காவிட்டால் அந்த இடத்துக்கு உறவினர் வருவார். யாரோடு சண்டையோ அவரே வந்து கையெழுத்துப் போடும் நிலை அப்படித்தான் உண்டாகிறது.

இதோடு முன்கூட்டிய விருப்ப ஆவணம் ஒன்றும் எழுதலாம். எனக்கு மறுபடி நோய் முற்றினால் இப்படிப் பாருங்கள், இப்படிப் பார்க்காதீர்கள் என்று. இன்ன மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஷாக் ட்ரீட்மெண்ட் வேண்டாம், இன்ன டாக்டரிடம் காட்டுங்கள், நாய்க்குட்டியைத் தம்பி வீட்டில் விடுங்கள், எதை வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாரியத்தில் பதிவு செய்து, ஒரு நகல் டாக்டரிடம், ஒன்று வீட்டில். அவசரச் சிகிச்சையை இது கட்டுப்படுத்தாது. மற்றபடி டாக்டர் இதன்படிதான் நடக்க வேண்டும். முடியாது என்றால் வாரியத்திடம் போய்க் காரணம் சொல்லி மாற்றித்தான் ஆக வேண்டும்.

முதலில் சொன்ன அந்தக் கணவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து இதை எழுத உட்கார்ந்தார். சமையலறை மேடையில் வைத்துத்தான் எழுதினார். பிரதிநிதி பெயருக்கு மனைவி பெயரைப் போடுவார் என்று நான் நினைத்தேன். அவர் எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா பெயரை எழுதினார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு, அவங்களாவது படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் பாலை இறக்கப் போனார்.